புகைக்கரியில் ஓசை வரைந்தவர்

2011 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பால் வந்தது. ஏழு மணிக்குச் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்தேன். எட்டு பத்துக்குப் பக்கத்து வீட்டு மேடம் வந்து சாவியைக் கொடுத்தார். தங்கைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிச் சிதம்பரம் பஸ் பிடிக்கப் போனார். ஒரு மணிக்குச் சாப்பாடு. கத்தரிக்காய்க் காரக்குழம்பு, அப்பளம். மூன்றே முக்காலுக்கு மேடத்தின் வீட்டைத் திறந்தேன். நான்கு மணிக்கு ஓசை எடுக்க வேண்டும்.

ஓசை எடுப்பது என்பது எங்கள் இரண்டு வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பேச்சு. செம்மங்குப்பத்தில் எங்கள் தெருவின் கடைசி இரண்டு வீடுகள் எங்களுடையதும் மேடத்துடையதும். பின்பக்கம் ஒரு காலி மனை, அதைத் தாண்டினால் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் மதில். மதிலுக்கு உள்ளே பெரிய புளோயர் ஒன்று ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். தொட்டிகளிலிருந்து எழும் வாயுவை இழுத்துக் கழுவு கோபுரத்துக்குள் தள்ளுகிற காற்றாடி அது. அதற்கு நேர் கீழே நின்று வேலை பார்ப்பவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. எங்களோடுதான் இருந்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். "அது ஓடுற வரைக்கும் ஒண்ணுமில்ல மாமா. நின்னு போச்சின்னா கேஸ் மேல போவாது, கீழ எறங்கும். நான்தான் மொதல்ல மோந்து பாப்பேன்." சொல்லிவிட்டு ரசம் கேட்டான். என் மனைவி அதற்குப் பிறகு அந்த இரவு சாப்பிடவில்லை.

மேடம் வரைந்தது அந்த புளோயரின் ஓசையைத்தான். தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு தாள்.

அவருக்குக் காது கேட்காது. நான் பழகத் தொடங்கிய 2004-ல், சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்திருந்தார். அப்போதே இடது காது முழுதாகப் போயிருந்தது. வலது காதில் பஸ் ஹாரன் மட்டும் கேட்கும் என்றார். எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். தன் குரல் எவ்வளவு உயர்கிறது, தாழ்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் சொல்லும் ரகசியம் தெருக்கோடி வரை கேட்கும். வாசலில் கீரைக்காரியைக் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்கிற எனக்குக்கூடக் கேட்காது.

எதைச் சொன்னாலும், "கோடு என்னா சொல்லுது?" என்பார். என் மனைவி, குக்கர் விசில் இப்போதெல்லாம் சரியாக வருவதில்லை என்று ஒருநாள் சொன்னபோதும் அதையே கேட்டார். கேட்டதோடு விடவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றுகிற பெரிய புனலின் வாயில் மெல்லிய டிரேசிங் தாளை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் தென்னை ஈர்க்கு ஒன்றை ஒட்டி, ஈர்க்கின் நுனியில் பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய ஒற்றை முடியை வைத்துக்கொண்டு எங்கள் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டார். பால்பவுடர் டின் ஒன்றின் மேல் வழவழப்பான காலண்டர் தாளைச் சுற்றி, சிம்னி விளக்கின் புகையில் காட்டிக் கறுப்பாக்கியிருந்தார். விசில் அடித்தபோது நான் டின்னின் கைப்பிடியைச் சுற்றினேன். கரியைச் சுரண்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. பார்வைக்குப் பொடிப்பொடியாக நடுங்கிய கோடு. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, வாஷரை மாற்றச் சொன்னார்.

மச்சானுக்கு இது நல்ல வேடிக்கை. தன் குரலையும் வரைந்து தரச் சொன்னான். "பொண்ணு வீட்டுக்கு போட்டோவுக்குப் பதிலா இத அனுப்பலாம் மேடம்."

அவர் அவன் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "போட்டோவே பரவால்லப்பா."

தெரு முழுக்கக் கேட்டது.

இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு பாரிஸ் நகரில் அச்சகத்தில் பிழைதிருத்திக்கொண்டிருந்த ஒருவர் கண்டுபிடித்தது. தகரத்தாளில் குரலைப் பதித்துத் திரும்பப் பேசவைத்த இயந்திரம் வருவதற்கு இருபது வருடம் முன்பு. அந்தப் பிழைதிருத்துபவருக்கு ஓசையைத் திரும்பக் கேட்கும் எண்ணமே இல்லை. பேச்சு தன்னைத்தானே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கண்ணால் படிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. இதைச் சொல்லும்போதெல்லாம் மேடத்தின் முகம் தெளிந்துவிடும். "எனக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?" என்பார்.

2008-ல் ஒருநாள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அந்தப் பழைய கரித்தாள் ஒன்றைப் படம் பிடித்து, கோட்டைக் கணினியில் ஏற்றி, அமெரிக்காவில் அதை ஓசையாக மாற்றிக் கேட்டிருந்தார்கள். ஒரு சிறுமி பாடுவதுபோல் இருந்ததாம். அடுத்த வருடம் இன்னொரு செய்தி வந்தது. வேகத்தைத் தவறாகக் கணக்கிட்டு இரண்டு மடங்காக ஓட்டிவிட்டார்கள். சரியான வேகத்தில் ஓட்டினால் அது சிறுமி இல்லை, மெதுவாகப் பாடுகிற ஒரு ஆண். பெரும்பாலும் அந்தப் பிழைதிருத்துபவரே. இரண்டு செய்திகளையும் வெட்டி ஒரே அட்டையில் ஒட்டி வைத்திருந்தார்.

அந்தத் தவறு எங்கே நடந்தது என்பதை எனக்கு விளக்கியிருக்கிறார். டின்னைக் கையால் சுற்றுகிறோம். கை ஒரு நேரம் வேகமாகப் போகும், ஒரு நேரம் தளரும். வேகமாகச் சுற்றினால் அலைகள் அகலமாக விழும். அகலமான அலையைப் பார்ப்பவன் ஓசை தாழ்ந்துவிட்டது என்று நினைப்பான். அதனால் ஓசைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இசைக்கவையின் கோட்டையும் எடுக்க வேண்டும். இசைக்கவை என்பது இரண்டு கால்கள் உள்ள எஃகுக் கவை. தட்டினால் எப்போதும் ஒரே அளவில்தான் அதிரும். கை எப்படிச் சுற்றினாலும் இரண்டு கோடும் சேர்ந்தே அகலும், சேர்ந்தே குறுகும். ஒன்றை வைத்து இன்னொன்றை எண்ணிக்கொள்ளலாம். "அது சாட்சிக் கோடு. சாட்சி இல்லாத தாள்ல கையெழுத்து மட்டும்தான் இருக்கும், விஷயம் இருக்காது" என்பார்.

புளோயரின் ஓசை தூரத்திலிருந்து புனலுக்கு எட்டாது. ஆனால் அவருடைய பின்னறை ஜன்னல் கண்ணாடி அந்த ஓசைக்கு ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஈர்க்கைப் புனலிலிருந்து எடுத்துக் கண்ணாடியிலேயே மெழுகு வைத்து ஒட்டினார். நான் டின்னைச் சுற்றுவேன். அவர் இசைக்கவையைத் தட்டிப் பக்கத்தில் பிடிப்பார். தாளை அரக்குக் கரைசலில் முக்கி எடுத்தால் கரி உதிராது. காய்ந்ததும் லென்ஸ் வைத்து எண்ணுவோம். புளோயரின் ஒரு அலைக்குக் கவையின் அலைகள் பத்து. அவர் கண்ணுக்கு அலுப்பாக இருக்கும் நாட்களில் நான் எண்ணி மூலையில் எழுதுவேன். ஒரு வருடமாகப் பத்து, பத்து, பத்து என்றே போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். அப்போதுதான் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொன்னார். ஒருநாள் மாணவிகள் வருவதற்கு முன் எல்லா மேசையையும் சுற்றிப் பார்த்திருக்கிறார். கேஸ் குழாய்கள் மூடியிருக்கின்றனவா என்று வழக்கம்போல் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். எதிலும் சீறல் இல்லை. எல்லாம் சரி என்று தலையாட்டியிருக்கிறார். மூன்றாவது மேசையில் ஒரு பெண் தீக்குச்சியைக் கிழித்தாள். "ஒரு பக்கப் புருவம், நெத்தி, வலது கை. புருவம் திரும்ப மொளைக்கவே இல்ல. அந்தக் குழா சீறிக்கிட்டே இருந்திருக்குது. எனக்குத்தான் கேக்கல. கேக்கலன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சரியான அளவில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தாளைப் புகையில் கறுப்பாக்கி டின்னில் சுற்றி ஜன்னலருகே வைத்தேன். ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றி, மறு கையால் இசைக்கவையைத் தட்டித் தாளருகே பிடித்துப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு முறை முடி தாளைக் கிழித்தது. ஒருநாள் சாட்சிக் கோடு இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன். மணி நான்கு இரண்டு. சுற்றத் தொடங்கும்போது ஜன்னல் வழியாக ஒரு வாடை வந்தது. அழுகிய முட்டைக்கோஸ் வாடை. இந்தத் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு அது புதிது இல்லை. ஆனாலும் அன்று வீட்டில் நான் மட்டும் தனியாக இருந்தேன். சுற்றி முடித்துத் தாளை எடுத்துப் பார்த்தேன். அலைகள் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம்.

புளோயர் பாதி வேகத்தில் ஓடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. நான்கு மணி நேரத்திலோ ஒரு நாளிலோ நின்றுவிடும். மச்சானுக்கு மறுநாள் முதல் ஷிப்ட். ஆறு மணிக்கு அதன் கீழே போய் நிற்பான்.

காதைக் கூர்மையாக்கிக் கேட்டுப் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு அந்த ஓசை என் காதுக்கு இல்லாமலே போயிருந்தது. தாழ்ந்திருக்கிறதா, உயர்ந்திருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் தம்பியின் யூனிபார்ம் சட்டையை வாளித் தண்ணீரில் போட்டாள். நாளைக்கு வேலைக்குப் போகக் கூடாது என்றாள். அவன் சிரித்தான். ஒப்பந்தத்தில் இருப்பவன் இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் மட்டம் போட்டாயிற்று, மூன்றாவது நாள் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்றான். அவள் அழுதாள். அவன் சிரிப்பு நின்றது. அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்டான். வெகு நேரம் பார்த்தான்.

ஆறரைக்கு மேடம் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தாளைக் கையில் வாங்கியதும் கேட்டார்.

"சாட்சிக் கோடு எங்க?"

நான் இல்லை என்றேன்.

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "இத நான் பாக்கல."

"போவலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லுங்க மேடம்" என்று என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக் கேக்காதம்மா. நான் ஒருக்கா சொன்னதுக்கு ஒரு பொண்ணு புருவம் இல்லாம இருக்குது."

அப்போதே இன்னொரு தாள் எடுத்தோம். இந்த முறை கவையோடு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஏனென்றால் ஐந்து மணியிலிருந்து மின்சாரம் இல்லை. என் பழைய தாளின் அகலம் என் கையின் வேகம்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. வாடைக்குப் பயந்து விரட்டிச் சுற்றியிருக்கிறேன். நான் மூச்சு விட்டேன். மேடம் விடவில்லை. லென்ஸை நகர்த்தி நகர்த்தி மூன்று முறை எண்ணினார். பிறகு என்னை எண்ணச் சொன்னார்.

பதினொன்று.

புளோயர் மெதுவாகியிருக்கிறது என்று அர்த்தம். மச்சான் அதற்கும் காரணம் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லைனில் பராமரிப்பு வேலை, கம்பெனி ஜெனரேட்டரில் ஓடுகிறது, ஜெனரேட்டரில் எல்லா மோட்டாரும் கொஞ்சம் தாழ்ந்துதான் ஓடும் என்றான். விடிகாலை நான்கு மணிக்கு மேல்தான் லைன் வரும். மேடம் யோசித்தார். அவன் சொல்வது நடக்கக்கூடியதுதான் என்றார். அப்படியானால் நாளை காலை, லைன் வந்த பிறகு, இன்னொரு தாள்.

அன்று இரவு எங்கள் வீட்டில் மூன்று பேரும் படுத்திருந்தோம். எல்லோரும் அந்த ஓசையையே கேட்க முயன்றுகொண்டிருந்தோம்.

செப்டம்பர் 19, திங்கட்கிழமை. முதல் வேலையாக, காபிக்கும் முன்னால், நான்கே முக்காலுக்கு ஓசை எடுத்தோம். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஸ்டேட்டிலும் லைன் வந்துவிட்டது என்று மச்சான் தன் கூட்டாளிக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டான். மூன்று தாள்கள். நான் மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, வழக்கம்போல் ஒன்று சுற்றினேன். அப்படித்தான் சுற்ற வேண்டும் என்று மேடம் சொன்னார்.

மூன்றிலும் பதினொன்று.

"வேலையே வேணாம்டா" என்றாள் என் மனைவி.

"நான் போவலன்னா அந்த எடத்துல வேற எவனையாவது நிறுத்துவாங்கக்கா. அவனுக்கு இது தெரியவும் தெரியாது." பிறகு மேடத்துக்கு எதிரில் வந்து, உதடு தெரிகிற மாதிரி நின்று கேட்டான். "நிச்சயமா மேடம்?"

"கோடு நிச்சயம். மத்தது எனக்குத் தெரியாதுப்பா."

ஈரம் காயாத தாள் ஒன்றைப் பழைய நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டான். வருகைக் கார்டு அடிக்க மாட்டேன், புளோயரை ஆள் ஏறிப் பார்த்த பிறகுதான் உள்ளே போவேன் என்று சொல்லிவிட்டு ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினான். நேற்று நனைத்த சட்டை காயவில்லை. வேறு சட்டையில்தான் போனான்.

நாங்கள் மூவரும் மேடத்தின் பின்னறையில் உட்கார்ந்தோம். ஆறு மணி. ஆறரை. போன் வரவில்லை. நான் கூப்பிட்டதற்கு அவன் எடுக்கவில்லை. மேடம் ஜன்னலருகே நின்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தார். என் மனைவி பக்கத்தில் இருந்த அடுப்பங்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஏழு பத்துக்கு மேடம் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அதே நேரம் என் மனைவி சொம்போடு வாசற்படியில் வந்து நின்றாள். "என்னாங்க, என்னமோ நின்னு போச்சி. என்னா அது?"

அந்த ஓசை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வீடு முழுக்கக் காலியானதுபோல் இருந்தது. என் மனைவியின் மூச்சு கேட்டது. புளோயரை அவர்களே நிறுத்தினார்களா, அதுவாக நின்றதா? இரண்டுக்கும் ஓசை ஒன்றுதான். நான் ஜன்னலைச் சாத்தினேன். மேடம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையின் அபாயச் சங்கு ஊதுகிறதா என்று பார்த்தேன். ஊதவில்லை. வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தேன். என் மூக்கையும் நம்ப முடியவில்லை.

ஏழு இருபத்திரண்டுக்குப் போன் வந்தது.

"மாமா, பிளாண்ட்டயே நிறுத்திட்டாங்க. ஏறிப் பாத்தாங்க. நாலு பெல்ட்ல ரெண்டு அறுந்து கெடக்குது. மீதி ரெண்டுலதான் இழுத்துக்கிட்டு ஓடியிருக்கு. இன்னிக்கு லோடு ஏத்தியிருந்தா தாங்கியிருக்காதாம். அக்காகிட்ட சொல்லுங்க, நான் இன்னும் கேட்டுக்கு வெளியதான் நிக்கிறேன்."

மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மேடத்துக்கு எதிரில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவர் இரண்டு விரலைக் காட்டினார். ஆமாம், இரண்டு என்றேன்.

"ரெண்டும் ஒரே நாள்லயா அறுந்திருக்கும்?"

அவர் அலமாரியைத் திறந்து அந்த மாதத் தாள்களின் கட்டை எடுத்து நூலை அவிழ்த்தார். முதல் தேதித் தாளை மேசையில் விரித்து, லென்ஸை வைத்து எண்ணினார். பத்து. இரண்டாம் தேதி, பத்து. நான் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் தேதித் தாளில் அவர் கை நின்றது. மறுபடி எண்ணிவிட்டு லென்ஸை என்னிடம் நீட்டினார். நானும் எண்ணினேன். புளோயரின் அலை பத்தில் முடியவில்லை. பதினொன்றுக்கும் போகவில்லை. நடுவில், பாதியில் நின்றது. ஏழாம் தேதியிலும் அப்படியே. எட்டிலும் அப்படியே. ஒரு பெல்ட் ஆறாம் தேதியே அறுந்திருக்கிறது. இந்தப் பன்னிரண்டு நாளில் வேலைக்குப் போன நாளெல்லாம் என் மச்சான் மூன்று பெல்ட்டுக்குக் கீழே நின்று வேலை பார்த்திருக்கிறான்.

ஆறாம் தேதித் தாளின் மூலையில் பத்து என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. அன்று தொடங்கிய கண் வலி முந்தாநாள் சனிக்கிழமை வரை மேடத்துக்கு இருந்தது, அத்தனை நாளும் நான்தான் எண்ணினேன். அரையை விட்டுவிட்டு முழு எண்ணாக எழுதியிருக்கிறேன்.

அவர் அந்தத் தாளைத் தனியாக ஒதுக்கி வைத்தார். ஒன்பதாம் தேதித் தாளுக்காகக் கையை நீட்டினார்.